நான்காம் தொகுதி இல்லாத நூலகம்

நம் தோட்டப் பள்ளியில் என்னோடு படித்தவர்களே, உங்களிடம் ஒரு பொருளைக் கேட்டுத்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். உள்ளங்கை அகலமுள்ள சீட்டுகள் அடுக்கிய ஒரு பிஸ்கட் தகரம். மூடியில் சிவப்பு மேலங்கி அணிந்த குதிரைவீரன் ஒருவன் இருப்பான். அவனுடைய முகத்தை மட்டும் துரு தின்றிருக்கும். பள்ளியை மூடியபோது தளவாடங்களை ஆளுக்கொன்றாக எடுத்துச் சென்றீர்கள் என்று கேள்விப்பட்டேன். மணியை ஒருவர் கொண்டுபோனார். கரும்பலகையை ஒருவர் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கினார். தகரம் யாரிடம் போயிற்று என்று இதுவரை எவரும் சொல்லவில்லை.

நம் லயக் குடியிருப்புகள் நின்ற இடத்தில் இன்று செண்டாயான் புதுநகரின் இரட்டைமாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சென்ற மாதம் அவ்வழியே போனபோது, பள்ளி எங்கே இருந்திருக்கும் என்று கணித்துப் பார்த்தேன். ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் என் கணக்கு முடிந்தது. அங்கே ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் நெடுநேரம் பார்த்ததால் அவள் ஐயத்தோடு உள்ளே போய்விட்டாள்.

பள்ளி என்கிறேன், நான் தேடியது அதன் நூலகத்தை. நூலகம் என்று சொன்னால் உங்களில் சிலர் சிரிப்பீர்கள். அது ஒற்றை அலமாரி. துரையின் பங்களாவில் இறைச்சி வைத்திருந்த, கம்பிவலைக் கதவு போட்ட அலமாரி. பங்களாவுக்குக் குளிர்பெட்டி வந்ததும் அது பள்ளிக்கு வந்தது. எறும்பு ஏறாமலிருக்க அதன் நான்கு கால்களும் நீர் ஊற்றிய மங்குக் கிண்ணங்களில் நின்றன. நூல்கள் வந்த பிறகும் அந்த வழக்கத்தை எவரும் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மங்குகளில் நீர் நிரப்புவது ஐந்தாம் வகுப்பின் கடமையாக இருந்தது. கதவைத் திறந்தால் தாளின் மணத்துக்கு அடியில் பழைய கொழுப்பின் மணம் மெல்ல எழும். இன்றும் எந்தப் பெரிய நூலகத்துக்குள் நுழைந்தாலும் ஏதோ ஒன்று குறைவதாக எனக்குத் தோன்றும். அந்த மணம்தான் குறைகிறது.

அந்த ஆண்டின் இலையுதிர்ச்சியில் ஆசிரியை வந்தார். ரப்பர்க் காடு முழுவதும் செம்பு நிறமாகி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிறவர்களின் கால்கள் சருகில் எழுப்பும் ஓசை லயம்வரை கேட்கும். மரங்களில் பால் குறைந்துவிடும், வேலையும் குறையும். பெரியவர்கள் நண்பகலிலேயே வீடு திரும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பேசுவதற்கு அந்த ஆண்டு ஆசிரியை கிடைத்தார்.

அவர் யாழ்ப்பாணத்து வழியினர். சிரம்பான் நகரிலிருந்து பேருந்தில் வருவார். தோட்ட அலுவலகத்துத் தலைமைக் கணக்கரான பெரிய கிராணிக்கு அவர் உறவு என்று செய்தி வந்தது. தூரத்து உறவா, நெருங்கிய உறவா என்று எவரும் கேட்கவில்லை. கிராணியின் உறவு என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. பெயர்ப்பதிவும் எடைக்கணக்கும் கிராணியின் கையில் இருந்த இடத்தில், அவர் வீட்டுப் பெண் நம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிறாள் என்றால், அலுவலகத்துக்கு உளவு பார்க்கிறாள் என்றுதான் பெரியவர்கள் நினைத்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

வந்த முதல் வாரத்திலேயே அவர் அலமாரியைத் திறந்து நூல்களை எண்ணினார். அகராதி ஒன்று, நிலப்படநூல் ஒன்று, பழைய பஞ்சாங்கங்கள் சில, பத்துத் தொகுதிகள் கொண்ட சிறுவர் கலைக்களஞ்சியம் ஒன்று. பத்தில் நான்காவது இல்லை. சகரத்தில் தொடங்கும் அத்தனையும் அதனோடு போய்விட்டன. நமக்குச் சந்திரன் இல்லை, சூரியன் இல்லை, சிலந்தி இல்லை.

உங்களுக்கு நினைவிருக்கும், நம் வகுப்பில் எதற்கும் முதலில் எழுந்து நிற்பவன் ஒருவன் இருந்தானே, அவன்தான் அன்றும் எழுந்தான்.

"டீச்சர், சிங்கத்தப் பத்தி எழுதச் சொன்னீங்க. சிங்கமே இல்ல டீச்சர். தொலைஞ்சி போச்சி."

"சிங்கம் தொலையேல்லை. புத்தகந்தான் தொலைஞ்சது" என்றார் ஆசிரியை. "சிங்கத்தை வேறை ஆராவது பாத்திருப்பினம். ஆர் பாத்திருப்பினம் எண்டு யோசி."

அவன் வெகுநேரம் யோசித்தான். "மானு பாத்திருக்கும் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. ஒன்பதாம் தொகுதியை எடுத்து அவனிடம் கொடுத்தார். மானைப் பற்றிய பக்கத்தின் கடைசி வரியில், அதை வேட்டையாடும் விலங்குகளின் பட்டியலில், சிங்கம் இருந்தது. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனோம். ஆப்பிரிக்காவிலிருந்து காட்டுக்குப் போனோம். மாலை மணி அடிப்பதற்குள் ஒரு முழுச் சிங்கத்தைச் சேர்த்துவிட்டோம். ஒரு பொருள் தன் பெயரின் கீழே இல்லாவிட்டால், அதைக் கண்டிருக்கக்கூடிய வேறொன்றின் கீழே தேட வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

பிறகுதான் சீட்டுகள் வந்தன. அலுவலகத்தில் கழித்த கெட்டித்தாள் படிவங்களை ஆசிரியை கேட்டு வாங்கிவந்து, நான்காக வெட்டி, வெறுமையான பக்கத்தில் நான்கு வரிகள் எழுதச் செய்தார். முதல் வரி கேள்வி. இரண்டாவது விடை. மூன்றாவது, எங்கே பார்த்தது. நான்காவது, யார் சொன்னது. ஒவ்வொருவரும் தோட்டத்தைப் பற்றித் தாமே ஒரு கேள்வியைத் தேர்ந்து விடை காண வேண்டும்.

மானைச் சொன்னவன், தோட்டத்திலேயே வயதான மரம் எது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு மறுநாளே விடையோடு வந்தான்.

"எங்கை பாத்தனீ?"

"எங்கயும் பாக்கல டீச்சர். எங்கப்பா சொன்னாரு."

"அப்ப அதை நாலாம் வரியிலை எழுது. மூண்டாம் வரி வெறுமையாக் கிடக்கட்டும்."

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு டீச்சர்!"

"பொய் சொல்ல மாட்டார். பிழையாச் சொல்லலாம். ரெண்டும் வேறை."

அவனுக்கு அது விளங்கவில்லை. எங்களில் எவருக்குமே அன்று விளங்கியிராது. இன்னும் ஒரு விதி சொன்னார். அதை நான் பின்னால் சொல்லப்போவதற்காக இங்கே குறித்து வைக்கிறேன். ஏட்டில் தேடியது கிடைத்தவுடன் ஏட்டை மூடிவிடக் கூடாது. அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

என் கேள்வி என் அம்மாவைப் பற்றியது.

அந்த ஆண்டின் அச்சம் உங்களுக்கு மறந்திராது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் இனி அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்ற செய்தி லயத்துக்கு வந்திருந்தது. எங்கள் வரிசையில் மூன்றாம் வீடு ஒரே வாரத்தில் காலியாயிற்று. அவர்களுடைய தகரப்பெட்டிகளில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய பெயர்கள் காய்வதற்குள் அவர்களைக் கப்பலுக்கு ஏற்றிச்செல்ல லாரி வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரி லாரியில் ஏறியபின் இறங்கிவந்து, அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கொள்ளியை நீர் தெளித்து அணைத்துவிட்டு மீண்டும் ஏறினாள்.

அப்பாவின் அட்டை குடியுரிமை உள்ளவர்களின் நீலம். அம்மாவின் அட்டை சிவப்பு. அம்மா இதே தோட்டத்தில், இதே லயத்தில் பிறந்தவள். கடலைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பிறந்ததற்குச் சான்று இல்லை. மறுமாதம் பதிவு அதிகாரி ஜீப்பில் வந்து தாள்களைப் பார்ப்பார் என்று அறிவித்திருந்தார்கள். அம்மாவோடு பிறந்த மாமா தோட்ட மருத்துவமனைக்குப் போய், பழைய பிறப்பேட்டின் கடைசியில் தந்தை பெயர்வாரியாக எழுதியிருந்த அட்டவணையில் தம் தந்தையின் பெயரைத் தேடச் சொன்னார். பெயர் இல்லை. ஏட்டை மூடிவிட்டார்கள்.

"இல்லன்னா என்னா செய்யிறது லா" என்றார் மாமா, வாசற்படியில் உட்கார்ந்து. "எழுதாம வுட்டுட்டானுங்க."

"நான் பொறக்காமலா இருக்கேன்?" என்றாள் அம்மா. அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், உண்ணவில்லை.

உடைந்த மங்கு குத்திய என் காலுக்கு அந்த நாள்களில் மருத்துவமனையில் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் மருந்தின் நெடி அடிக்கும் தாழ்வாரத்தில் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். ஒருநாள் மருந்து கட்டும் டிரெசரிடம், அந்தப் பெரிய ஏட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் குனிந்து என் காலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கால் ஆறுதோ இல்லியோ, ஒனக்குப் படிப்பு நல்லா ஏறுது பாப்பா. பாத்துட்டு வச்சிடு. கிழிச்சேன்னா அடுத்த ஊசி பெரிய ஊசி."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும்: ஏட்டைக் கேட்டவள் நான். எவரும் என்னை அனுப்பவில்லை. ஆசிரியைக்கு என் கேள்வி என்னவென்றே தெரியாது; விடை கிடைத்த பிறகு அவரை வியக்க வைக்கலாம் என்று மறைத்து வைத்திருந்தேன்.

ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் அளவுக்குப் படித்திருந்தேன். அட்டவணையில் அம்மாவின் தந்தை இல்லை. அவளை வேறு யார் பார்த்திருப்பார்கள்? அந்நாளில் ஆள்கள், அவர்களைக் கப்பலில் கூட்டிவந்த கங்காணிகளின் கூட்டங்களாகத்தான் எண்ணப்பட்டார்கள் என்று வீட்டில் பேசிக் கேட்டிருந்தேன். எங்கள் வரிசை முழுவதும் ஒரே கங்காணியின் கூட்டம். அவர் இறந்து நெடுநாளாயிற்று. அவருடைய மகன்தான் அப்போது வேலையை மேற்பார்க்கும் மண்டோராகவும் கோயில் தலைவராகவும் இருந்தார். கங்காணியின் பெயரைத் தேடினேன். இருந்தது. அதற்கு எதிரே ஒரு வரிசைப் பக்க எண்கள் இருந்தன. முதல் எண்ணில் இல்லை. இரண்டாம் எண்ணில் இல்லை. மூன்றாம் எண்ணில், அம்மாவைப் பெற்றவளின் பெயர், எங்கள் லயத்தின் எண், பெண் குழந்தை.

தந்தை பெயருக்குரிய கட்டத்தில் கங்காணியின் பெயர்.

பதினொரு வயதில் அந்தக் கட்டத்துக்கு என்ன பொருள் என்று நான் நின்று எண்ணவில்லை. அம்மா இருக்கிறாள், ஏட்டில் இருக்கிறாள் என்பதே என் காதுகளில் இரைந்தது. ஏட்டை மூடினேன். மேலும் பார்க்கவில்லை, கீழும் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து பார்ப்பதற்காகச் சீட்டுகளை வகுப்பறையின் குறுக்கே கயிறு கட்டி மாட்டினோம். ஆசிரியை ஒவ்வொரு சீட்டையும் திருத்திய பிறகே மாட்ட வேண்டும். நான் என் சீட்டைக் காட்டாமல், அவர் தலைமையாசிரியரோடு பேசிக்கொண்டிருந்தபோது நானாகவே நடுவில் மாட்டினேன்.

கேள்வி: என் அம்மா எங்கே பிறந்தார்? விடை: இந்தத் தோட்டத்தில். தகப்பனார் பெரிய கங்காணி. எங்கே பார்த்தது: மருத்துவமனைப் பிறப்பேடு.

நான்காம் வரி வெறுமையாக இருந்தது. எவரும் சொல்லவில்லை அல்லவா?

முதலில் படித்தவர் மண்டோர். எழுத்துக் கூட்டி இருமுறை படித்தார். சீட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் அலுவலகத்தின் அச்சு இருந்தது. அவர் அதை அப்பாவிடம் நீட்டினார். அப்பா மாமாவிடம் நீட்டினார். "ஆபீஸ் தாளு" என்றார் மாமா, மெதுவாக. "கிராணி வூட்டு வேல." அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ ஒருத்தி அவள் காதில் சொன்னாள். அம்மா நேரே வந்து எல்லாருக்கும் முன்னால் என்னைக் கன்னத்தில் அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததில்லை.

வீட்டில் அப்பா, "பேரு எப்பிடி இருந்தா என்னா, தாளு இருக்குல்ல. அதக் காட்டுனா ஐ.சி. கார்ட மாத்திக் குடுப்பான்" என்று தொடங்கினார். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தாள வச்சி எனக்கு ஒன்னும் வேணாம். கப்பல்ல ஏத்துனா ஏத்தட்டும். எங்காத்தா செத்து இத்தன வருசமாச்சி. அவ பேர வித்து எனக்கு ஒரு கார்டா?"

இப்படித்தான், அவளைக் காக்கக்கூடிய ஒரே தாளை நான் கண்டுபிடித்தேன். அதை அவள் தொடவே முடியாதபடி செய்ததும் நான்தான்.

மறுநாள் பள்ளியில் கூட்டம். தலைமையாசிரியர், மண்டோர், அப்பா, மாமா, லயத்துக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆசிரியை அலமாரியின் பக்கத்தில் நின்றார். மண்டோர் கெட்டவரல்லர். தம் தந்தையின் பெயர் ஒரு குழந்தையின் கையெழுத்தில் அப்படிக் கிடந்ததைப் பார்த்தவர். அவர் என் உயரத்துக்குக் குனிந்து கேட்டார்.

"பயப்படாதம்மா. நீயா போயி தேடுனியா? இல்ல, யாராச்சும் தேடச் சொன்னாங்களா?"

அந்தக் கேள்வியிலேயே அவர்கள் விரும்பிய விடை இருந்தது. அறையிலிருந்த அத்தனை முகங்களும் அதற்காகக் காத்திருந்தன. நானாகப் போனேன் என்று சொன்னால் மீண்டும் அம்மாவின் கை. மற்றதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

"டீச்சர்தான் தேடச் சொன்னாங்க" என்றேன்.

எங்கே பார்த்தாய், யார் சொன்னது என்று வாரக்கணக்கில் கற்றவள் நான். யார் சொன்னது என்ற வரியைப் பொய்யால் நிரப்பினேன்.

ஆசிரியை என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல, ஒரு பக்கத்தைப் படிப்பவர் போல. பிறகு தலைமையாசிரியரிடம், "ஓம். பிழை என்ரைதான்" என்றார். அந்த ஏட்டைத் தாம் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். பார்த்தவரையில் போதும் என்றார் தலைமையாசிரியர். கூட்டம் கலைந்தபோது ஆசிரியை என்னைக் கடந்து போகையில் சற்றே நின்றார்.

"மேலையும் கீழையும் பாத்தனீயோ, பிள்ளை?"

அவர் என்னிடம் பேசிய கடைசிச் சொற்கள் அவை. அடுத்த வாரம் அவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அலமாரிக்குப் பூட்டு வந்தது. மங்குகளில் நீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டோம்.

என் கால் அதற்குள் ஆறிவிட்டிருந்தது. மருத்துவமனைக்குப் போகக் காரணம் இல்லை. பொருக்கை நகத்தால் பெயர்த்தேன். இரத்தம் வந்ததும் கிளம்பினேன். டிரெசர் காயத்தைப் பார்த்தார். தானாகப் பெயர்ந்ததன்று என்று அவருக்குத் தெரிந்தது. கட்டுப் போட்டுவிட்டு, ஏட்டை அவரே எடுத்து என் மடியில் வைத்தார்.

அம்மாவின் வரிக்கு மேலே வேறொரு பெண், வேறொரு லயம், ஆண் குழந்தை. தந்தை: கங்காணி. கீழே வேறொரு பெண். தந்தை: கங்காணி. அட்டவணையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போனேன். இரண்டு ஆண்டுகளில் பதினொரு குழந்தைகள், பதினொரு தாய்மார், ஒரே கையெழுத்து. அந்தக் கையெழுத்து நின்ற இடத்தில் கங்காணியும் நின்றுவிட்டார். புதிய கையெழுத்தில் அவரவர் தந்தை அவரவர் கட்டத்துக்குத் திரும்பியிருந்தார்.

"டிரெசரய்யா, இது ஏன் இப்பிடி?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எனக்கு முந்தி இருந்த கையாளு வேலம்மா இது. அவன் தாயோட பேரப் பெரட்டுப் புத்தகத்துலருந்து பாத்து எழுதியிருக்கான். அதுல ஒவ்வொரு பக்கத்துலயும் தலப்புல கங்காணி பேருதான் இருக்கும். இவன் அதத் தூக்கி அப்பன் கட்டத்துல போட்டுட்டான். ஆளுங்கல்லாம் கங்காணிக்குச் சொந்தம்னா, புள்ளைங்களும் சொந்தம்னு நெனச்சிட்டான் போல."

பதினொரு தாய்மாரின் பெயர்களையும் பள்ளிச் சிலேட்டில் எழுதிக்கொண்டு பொதுக்குழாய்க்குப் போனேன். இலையுதிர்ச்சிக் காலமாதலால் நண்பகலிலேயே பெண்கள் கூடியிருந்தார்கள். அம்மா வாளியை வைத்துவிட்டு யாரையும் பாராமல் நின்றாள். கங்காணியின் மனைவி, மண்டோரின் தாய், கல்லில் உட்கார்ந்து தம் பாக்கு இடிக்கும் உரலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சிலேட்டைப் பார்த்து உரக்கப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், "அப்பா பேரு, பெரிய கங்காணி" என்று படித்தேன். நான்காவது பெயரில் ஒருத்தி, "ஐயோ, எங்கம்மாடி அது!" என்றாள்.

படித்து முடித்தேன். அந்தக் கிழவியை எல்லாரும் பார்த்தார்கள்.

"எத்தனடி சொன்ன?"

"பதினொன்னு ஆத்தா."

"எத்தன வருசத்துல?"

"ரெண்டு வருசத்துல ஆத்தா. ஒரே கெழமையில ரெண்டு இருக்கு."

அவர் உரலை நிமிர்த்தி வைத்தார். "எனக்கே மொத்தம் ரெண்டுதான்டி குடுத்தாரு அந்த மனுசன். அதுக்கே ஆறு வருசம் நான் மாரியாத்தாளுக்கு வெளக்குப் போட்டேன்!"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. "பெரட்டுக்குப் போவ நேரமிருந்திச்சா அவருக்கு?" என்றது ஒரு குரல். "அதான் எப்பப் பாரு இருமிக்கிட்டே இருந்தாரு" என்றது இன்னொன்று. கிழவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவின் வாளி நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. அவளுடைய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று முகத்தைப் பார்த்தாலன்றித் தெரியாது. எனக்கு முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

ஜீப் வந்த நாளில் டிரெசரே ஏட்டைச் சுமந்துவந்தார். மலாய் அதிகாரி விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, டிரெசரை நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஆளுக்கு நிறையப் பிள்ளைகள்" என்ற பொருளில் ஏதோ மலாயில் சொல்லிச் சிரித்தார். எழுத்துப்பிழை என்பதற்கு உறுதிமொழியும் சாட்சிக் கையொப்பமும் கேட்டார். மண்டோர் முன்வந்து கையொப்பமிட்டார். மைப்பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மாவிடம், "வாம்மா தங்கச்சி, அடுத்து ஒங் கைநாட்டு" என்றார். அம்மாவுக்கு உரிய காலத்தில் நீல அட்டை வந்தது. அந்தப் பதினொருவரில் தோட்டத்தில் எஞ்சியிருந்த மற்ற மூவருக்கும் அதே ஏட்டால் வந்தது. மண்டோர் தம் இறுதிநாள்வரை அம்மாவைத் தங்கச்சி என்றே அழைத்தார்.

அதன்பின் லயத்தில் பேச்சு மாறியது. "டீச்சரு சொல்லிக் குடுத்ததாலதான லா கண்டுபுடிச்சிது" என்றார்கள். பழியைச் சுமத்திய அதே பொய்யின் மேல் இப்போது நன்றியை ஏற்றினார்கள். அவரைத் திரும்ப அழைக்க எழுத வேண்டும் என்றார் மாமா. "இப்பப் போயி என்னன்னு எழுதுறது?" என்றார் அப்பா. எவரும் எழுதவில்லை. அம்மா கண்மூடும்வரை, "அந்தப் புண்ணியவதி ஏட்டப் பாக்கச் சொல்லலன்னா" என்று தொடங்குவாள். நான் தலையசைப்பேன். பழி வந்தபோது திருத்தவில்லை. புகழ் வந்தபோதும் திருத்தவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் பொய்யையும் சொல்ல வேண்டியிருந்தது.

வளர்ந்த பிறகு ஆசிரியையைத் தேடினேன். பழைய ஆசிரியர் பட்டியல்களில், பள்ளி மலர்களில், கோயில் நன்கொடைப் பலகைகளில், அவர் பெயரையும் அவருடைய தந்தையின் முதலெழுத்தையும் வைத்துத் தேடினேன். ஆசிரியர் கூட்டங்களுக்குப் போய் வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். கிடைக்கவில்லை. மாமாவைப் போலவே நானும், இல்லையென்று மூடிவிட்டேன்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் உங்களில் ஒருவர் மறைந்தார், மானைச் சொன்னவன்தான். அவனுடைய மரண அறிவிப்பை நாளிதழிலிருந்து வெட்டி வைக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டுமுன், பழக்கத்தால், மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன்.

கீழே இருந்த அறிவிப்பில் ஓர் ஆணின் பெயர் பெரிதாக இருந்தது; பக்கத்தில், அவருடைய மனைவி காலமானார் என்ற குறிப்பு. அந்தக் கட்டத்துக்குள், வாசிப்பவர் தேடினாலன்றிக் கண்ணில் படாத அளவில், நம் ஆசிரியையின் சொந்தப் பெயர். ஓய்வுபெற்ற ஆசிரியை. படத்தில் முதுமை இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தைப் படிப்பவர் போலப் பார்க்கும் அந்தப் பார்வை அப்படியே இருந்தது. முகவரி பாரோய். ராசாவிலுள்ள என் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். அந்தச் சாலையில் நான் எத்தனை முறை போயிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. மணமான பெண்ணை அவள் கணவன் பெயரின் கீழே தேட வேண்டும் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வேறு யார் பார்த்திருப்பார்கள் என்று கேட்கப் பழக்கப்பட்டவள் அதைக் கேட்கவே இல்லை. இறுதிச்சடங்கு முந்தைய நாளே முடிந்திருந்தது.

ஆகவே, நண்பர்களே, பழைய கெட்டித்தாள் ஒன்றை அதே அளவில் வெட்டி ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மருத்துவமனைப் பிறப்பேட்டைத் தேடச் சொன்னவர் யார்?
விடை: எவரும் இல்லை. அந்தப் பிள்ளை தானாகவே போனாள்.
எங்கே பார்த்தது: எந்த ஏட்டிலும் இல்லை.
யார் சொன்னது: நான்.

தகரம் உங்களில் எவரிடம் இருந்தாலும் சொல்லியனுப்புங்கள், நானே கொண்டுவருகிறேன். சீட்டுகள் பெயர்வரிசையில் இருக்கும். என்னுடைய பழைய சீட்டு உள்ளே கிடந்தால் அதை எடுத்துவிட வேண்டாம். இதை அதன் பின்னால் செருகிவிடலாம். ஆசிரியையின் பெயரில் வைக்க வேண்டாம். என் பெயரில் வையுங்கள்.